ஹாம் எஸ்டிஆருக்கு எந்தக் கணினி வாங்கலாம்?

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் அண்மையில் பெற்ற நண்பர் ஒருவரின் கேள்வி இது. எஸ்டிஆர் என்பது மென்பொருள் வானொலி: வரும் அலையை எண்களாக மாற்றி, வானொலியின் வேலைகளைக் கணக்குகளாகவே செய்து முடிப்பது. அவரிடம் யுஎஸ்பியில் மாட்டும் சிறு ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு, அனுப்பவும் வல்ல எஸ்டிஆர் கருவியான ஹெர்மஸ் லைட் 2 வாங்கி, 40 மீட்டர், 20 மீட்டர் பட்டைகளில் பேச்சும், எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையும் இயக்க விரும்புகிறார். கணினிக்கென்று 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். கடைக்காரர் தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கேமிங் மடிக்கணினி ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றே போதுமா என்று கேட்கிறார்.

அந்த மடிக்கணினி வேண்டாம். அதில் வேகக் குறைவு ஒன்றும் இல்லை. நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு அந்த வேகத்தின் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும். மாறாக, அதனுடன் வரும் 200 வாட் அளவிலான சார்ஜர் உங்கள் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இரவும் பகலும் இரைச்சலை ஒலிபரப்பக்கூடும். எலி வேட்டைக்குத் தவில் கொண்டுபோன கதைதான். எஸ்டிஆருக்கான கணினியிடம் நான் எதிர்பார்ப்பவை இரண்டு. வானொலிக் கருவியிலிருந்து வரும் மாதிரிகளின், அதாவது அலையை அளந்து எடுத்த எண்களின், ஓட்டத்தை ஒரு கணமும் அறுபடாமல் அது வாங்கிக்கொள்ள வேண்டும். தன் மின்னிரைச்சலை அதே வானொலிக்குள் கொட்டாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டிலும் தேறிய கணினியின் செயலி பத்தாண்டுப் பழையதாக இருந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை.

கணினியின் தலையில் எவ்வளவு சுமை விழும் என்பது வானொலியின் கணக்குகள் எந்த இடத்தில் நடக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஐகாம் ஐசி-7300 போன்ற கருவியில் மாதிரி எடுப்பது, வடிகட்டுவது, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பண்பிறக்கம் செய்வது எல்லாமே பெட்டிக்குள் முடிந்துவிடுகின்றன. யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு வருவது சாதாரண ஒலியும் கட்டுப்பாட்டுக் கட்டளைகளும் மட்டுமே. ஃப்ளெக்ஸ்ரேடியோவின் 6000 வரிசையிலும் கனமான வேலையைப் பெட்டியே செய்துகொள்கிறது, கணினி முகப்பாக மட்டும் நிற்கிறது. இதற்கு மறுகோடியில் இருப்பவை ஆர்டிஎல்-எஸ்டிஆர், ஹேக்ஆர்எஃப், ஏர்ஸ்பை போன்றவை. இவை மாதிரிகளைப் பச்சையாக யுஎஸ்பி கம்பியில் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதி அனைத்தும் கணினியின் பாடு. நீங்கள் வாங்க நினைக்கும் ஹெர்மஸ் லைட் 2 இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. அலையை எண்ணாக்கும் அதன் மாற்றி நொடிக்கு 7 கோடியே 68 லட்சம் முறை, 12 பிட் துல்லியத்தில் மாதிரி எடுக்கிறது. உள்ளே இருக்கும், வேலைக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லு அந்தப் பெருவெள்ளத்திலிருந்து நீங்கள் கேட்ட பகுதியை மட்டும் பிரித்து, ஈதர்நெட் கம்பியில் அனுப்புகிறது.

இந்த இடத்தில் பழைய அறிவுரை ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது. 2002-இல் ஜெரால்டு யங்பிளட் கியூஇஎக்ஸ் இதழில் மென்பொருள் வானொலி பற்றி எழுதிய கட்டுரைத் தொடரும், அதைத் தொடர்ந்து வந்த எஸ்டிஆர்-1000 கருவியும்தான் நம்மில் பலரை இந்தப் பக்கம் இழுத்துவந்தன. அந்தக் காலத்தில் கணினியின் ஒலி அட்டையே வானொலியின் மாற்றியாகவும் இருந்ததால், விலை உயர்ந்த ஒலி அட்டை கட்டாயம் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்போது அது சரியாகவும் இருந்தது. இன்று மாற்றி வானொலிப் பெட்டிக்குள் இருக்கிறது. கணினியின் ஒலி அட்டைக்கு ஒலிபெருக்கியை ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதற்கெனத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இனி ஓட்டத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் நம்பகமாகத் தரும் மாதிரி வீதம் நொடிக்கு 24 லட்சம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஐ, கியூ என்ற, ஒரே அலையைக் கால் சுற்று இடைவெளியில் அளந்த இரண்டு 8 பிட் எண்கள் உண்டு. ஆக நொடிக்கு 48 லட்சம் பைட், அதாவது 38.4 மெகாபிட். யுஎஸ்பி 2.0-இன் பெயரளவு வேகமான 480 மெகாபிட்டில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நொடிக்கு 2 கோடி மாதிரி தரும் ஹேக்ஆர்எஃப் 40 மெகாபைட் கேட்கும், அதாவது யுஎஸ்பி 2.0 நடைமுறையில் தாங்கக்கூடிய உச்சத்தையே தொடும். ஹெர்மஸ் லைட் 2-இலோ ஒரு ரிசீவரை அதன் மிக உயர்ந்த 384 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் திறந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 18 மெகாபிட்தான் வரும். இந்தியாவில் 40 மீட்டர் பட்டை 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். 20 மீட்டர் பட்டை முழுவதும் சேர்ந்து 350 கிலோஹெர்ட்ஸ். ஐ, கியூ மாதிரிகளில் மாதிரி வீதம் எவ்வளவோ அவ்வளவு அகலம் திரையில் தெரியும் என்பதால், இரண்டில் எந்தப் பட்டையும் முழுமையாக ஒரே ஓட்டத்தில் அடங்கிவிடும். ஹாம் பட்டைகளோடு நிற்பவருக்கு எஸ்டிஆர் ஒன்றும் ராட்சதச் சுமை இல்லை.

செயலியின் பங்கையும் இதேபோல அளந்துவிடலாம். வாட்டர்ஃபால் எனப்படும் நீர்வீழ்ச்சித் திரையை வரைய, சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி என்ற கணக்கு தேவை. டாங்கிளின் 24 லட்சம் மாதிரிகளை 65,536 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக வெட்டினால் நொடிக்கு 37 துண்டுகள் வரும். திரையில் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 37 ஹெர்ட்ஸ் அகலத்தைக் காட்டும், ஒரு மோர்ஸ் நிலையத்தைத் தனிக் கோடாகப் பார்க்க அது போதும். ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 52 லட்சம் கணக்குகள் என்றால் நொடிக்கு 20 கோடிக்குச் சற்றுக் குறைவு. பத்தாண்டுக்கு முந்தைய செயலியின் ஒரே ஒரு கோரும் நொடிக்குச் சில நூறு கோடிக் கணக்குகளைப் போடும். அப்படியிருக்க, சில கணினிகளில் எஸ்டிஆர் மென்பொருள் தடுமாறுவது ஏன்? பெரும்பாலும் திரையை வரைவதில்தான் சிக்கல். 4கே திரை முழுக்க நொடிக்கு 60 முறை நீர்வீழ்ச்சியைப் புதுப்பிக்கச் சொன்னால் பழைய உட்பொதி கிராஃபிக்ஸ் மூச்சு வாங்கும். அதை 20 அல்லது 25 முறையாகக் குறைத்துவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, செயலியின் சுமையோ கண்கூடாக இறங்கிவிடும். கடைக்காரர் சொல்லும் தனி கிராஃபிக்ஸ் அட்டைக்கு இதில் உருப்படியான வேலை இல்லை. எஸ்டிஆர் கன்சோல் போன்ற ஒன்றிரண்டு மென்பொருள்கள் அதைக் கணக்குப் போடப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பயன் தெரிவது பல மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் பார்ப்பவர்களுக்கு.

வேகத்தைவிட முக்கியமானது தொடர்ச்சி. ஒரு மணி நேர வேலையை ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டுப் பத்து நிமிடம் ஓய்வெடுக்கும் கணினி மற்ற எல்லா வேலைகளுக்கும் நல்ல கணினிதான். எஸ்டிஆருக்கு அது பயன்படாது, ஏனெனில் மாதிரிகள் காத்திருப்பதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் 512 மாதிரிகள் கொண்ட இடையகம் (பஃபர்) 10.7 மில்லி வினாடிக்குத்தான் தாங்கும். அந்த நேரத்துக்குள் இயங்குதளம் திரும்பி வந்து கவனிக்காவிட்டால் காதில் ஒரு 'டிக்' விழும். பேச்சில் அதை மன்னித்துவிடலாம். நீங்கள் அனுப்பும் சிக்னலில் அது விழுந்தால் பக்கத்து நிலையங்களின் மேல் தெறிக்கும். விண்டோஸில் பெரும்பாலும் குற்றவாளி வைஃபை இயக்கியோ (டிரைவர்) மின்சேமிப்பு அமைப்போதான். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கால் மணி நேரம் ஓடவிட்டால் எந்த இயக்கி எவ்வளவு நேரம் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்பதை அது பெயரோடு காட்டிவிடும். மின் திட்டத்தை 'உயர் செயல்திறன்' என்று மாற்றுவதும், யுஎஸ்பி வாயில்களைத் தானாக உறங்க வைக்கும் வசதியை அணைப்பதும் வாங்கிய முதல் நாளே செய்ய வேண்டியவை. கண்ணாடி போல மெலிந்த மடிக்கணினிகள் சூடேறியதும் செயலியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மாடி அறையில் நிலையம் வைத்திருப்பவருக்கு இது சிறிய விஷயமில்லை.

தாமதம் என்ற சொல்லோடு ஒரு தவறான நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கணினி வேகமாக இருந்தால் தாமதம் இருக்காது என்பது. கூர்மையான வடிகட்டிக்குக் கணிதத்திலேயே ஒரு தாமதம் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸில் 4,096 படிகள் கொண்ட நேர்கட்ட (லீனியர் ஃபேஸ்) வடிகட்டி ஒவ்வொரு சிக்னலையும் சுமார் 43 மில்லி வினாடி தாமதித்துத்தான் வெளியே விடும். இரண்டு லட்ச ரூபாய்க்குக் கணினி வாங்கினாலும் இதில் ஒரு மில்லி வினாடியும் குறையாது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் மோர்ஸ் அடிக்கும்போது ஒரு புள்ளியின் நீளமே 60 மில்லி வினாடிதான் என்பதை நினைத்தால், சாவியைத் தட்டும்போது காதில் விழும் ஒலி ஏன் பின்தங்குகிறது என்பது விளங்கும். ஹெர்மஸ் லைட் 2-ஐ இயக்கும் தீட்டிஸ் மென்பொருளின் அடியில் இருக்கும் வாரன் பிராட்டின் டபிள்யூடிஎஸ்பி நூலகத்தில் தாமதம் குறைந்த வடிகட்டி வகையும் உண்டு. மோர்ஸ் இயக்குபவர் கணினியை மாற்ற நினைப்பதற்கு முன் அந்த அமைப்பை மாற்றிப் பார்ப்பது நல்லது. கூடவே ஒன்று: தீட்டிஸை முதல்முறை திறக்கும்போது கணினி உறைந்துவிட்டது போல் சில நிமிடங்கள் கறுப்புச் சாளரம் ஒன்று நிற்கும். அது உங்கள் செயலிக்கு ஏற்ற எஃப்எஃப்டி வழிகளை அளந்து பதிவு செய்துகொண்டிருக்கிறது. பயந்து மூடிவிடாதீர்கள்.

இனி இரைச்சலுக்கு வருகிறேன். நான் எஸ்டிஆரில் இறங்கிய முதல் ஆண்டு முழுவதும் இரவில் 40 மீட்டர் பட்டை மோசமாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். 7.1 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி நீர்வீழ்ச்சித் திரையில் செங்குத்தாகச் சில கோடுகள், ஏறத்தாழ 65 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஓரங்கள் கசங்கிய துணி போலப் பிசிறடித்துக்கொண்டு நின்றன. திரையை நகர்த்தினாலோ புதிய நிரல் ஒன்றைத் திறந்தாலோ கோடுகள் மெதுவாக இடப்பக்கம் சாயும், பிறகு திரும்பி வரும். வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் அயனி மண்டலம் என் கணினி எலிக்குக் கட்டுப்பட்டு நடக்க முடியாதே என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. ஒரு மாலை மின்வெட்டு. மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோடுகள் ஒன்றும் இல்லை. சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரில் எஸ்7-இல் நின்ற இரைச்சல் எஸ்3-க்கு இறங்கியிருந்தது. தெருவின் மற்ற இரைச்சல்களும் அப்போது ஓய்ந்திருந்ததால், மின்சாரம் வந்த பிறகு சார்ஜரை மட்டும் கழற்றியும் மாட்டியும் பார்த்தேன். கோடுகள் முழுக்க அதனுடையவையாகத்தான் இருந்தன.

எஸ்7-க்கும் எஸ்3-க்கும் இடையே 24 டெசிபெல். அந்த இரைச்சலுக்கு மேல் எனக்குக் கேட்க வேண்டுமென்றால் எதிர்முனை நிலையம் தன் திறனை 250 மடங்கு உயர்த்த வேண்டும். 5 வாட் தரும் ஹெர்மஸ் லைட் 2-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு 5 வாட் நிலையத்தோடு பேச நினைப்பவருக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு. கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அமைதிக்கென எடுத்து வைக்கும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான். கம்பியில் ஏறும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களில் 31 வகைக் கலவை உயர் அதிர்வெண் பட்டைகளுக்கு ஏற்றது. 43 வகை அதற்கு மேலே, 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய விஎச்எஃப் பக்கம் நன்றாக வேலை செய்யும். கம்பியின் மேல் ஒரே ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு மனநிறைவு அடைந்துவிட வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் பயன் தெரிய வேண்டுமென்றால் பெரிய வளையத்துக்குள் கம்பியை எட்டுப் பத்துச் சுற்றுகளாவது நுழைக்க வேண்டும். வெளி சார்ஜரே இல்லாமல், உலோகப் பெட்டிக்குள் வடிகட்டியோடு மின்வழங்கி அமைந்த மேசைக்கணினி இந்த விஷயத்தில் பொதுவாக மேலானது. அதன் மூன்றுமுனைப் பிளக்கின் எர்த் உண்மையாகவே பூமிக்குப் போகிறதா என்பதை மின்பணியாளரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரையும் இதே சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

யுஎஸ்பி கம்பியும் இரைச்சலுக்கு ஒரு பாதை. இரைச்சலைத் துண்டிப்பதற்கென்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி ஐசலேட்டர்களில் பெரும்பாலானவை ஏடியூஎம்3160 அல்லது 4160 சில்லை வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் வேகம் 12 மெகாபிட்டோடு நின்றுவிடும். 38 மெகாபிட் தரும் டாங்கிளை அதன் பின்னால் மாட்டினால் ஒன்றும் வேலை செய்யாது. வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். யுஎஸ்பி 3.0 வாயிலும் கம்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அகலமான இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் எழுதியிருக்கிறது. உங்கள் 7, 14 மெகாஹெர்ட்ஸுக்கு அதனால் கேடில்லை. வைஃபை தடுமாறினால் காரணம் அதுவாக இருக்கலாம். ஈதர்நெட்டின் பெருமை இங்கேதான் தெரிகிறது. அதன் இரு முனைகளிலும் சிறு மின்மாற்றிகள் இருப்பதால் வானொலிக்கும் கணினிக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லை. 100 மீட்டர் வரை கம்பி இழுக்கலாம் என்பதால் வானொலியை ஆன்டெனாவுக்கு அருகிலும் கணினியை வேறு அறையிலும் வைத்துவிடலாம். அடுத்த ஆண்டு ஹெர்மஸ் லைட் 2 என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவை இந்த ஒரு காரணத்துக்காகவே பாராட்டுவேன். ஆனால் இடையில் வைஃபையைச் செருகாதீர்கள். கேட்பதற்கு எப்படியோ ஓடும். அனுப்பும்போது துண்டு துண்டாகும்.

அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் இடத்தில் நான் இருந்தால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டுப் புதுப்பித்து விற்கப்படும் மேசைக்கணினியைத் தேடுவேன். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, எடுத்துக்காட்டாக ஆறு கோர் கொண்ட ஐ5-8500, 16 ஜிபி நினைவகம், ஓர் எஸ்எஸ்டி இருந்தால் போதும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள் என்பதற்குக் காரணம் வேகம் அன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். லினக்ஸ் மட்டுமே போதும் என்றால் ஆறாம் தலைமுறையும் தாராளம். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மின்வழங்கி உள்ளேயே அமைந்த சிறு உருவ வகையைப் பாருங்கள். உள்ளங்கை அளவு வகைகளுக்கு வெளி அடாப்டர் வரும், அது மீண்டும் சார்ஜர் கதைதான். பின்பக்கம் யுஎஸ்பி வாயில்கள் போதுமான அளவு இருக்கட்டும். டாங்கிளுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் வேண்டும் என்பதால், மின்னில்லாத ஹப்பில் விசைப்பலகையோடும் எலியோடும் அதைக் கூட்டுக் குடித்தனம் வைக்காமல் நேராகப் பின்பக்க வாயிலில் மாட்டுங்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது திரை ஒன்று வாங்கலாம். ஒரு பக்கம் நீர்வீழ்ச்சி, மறுபக்கம் பதிவேடும் எஃப்டி8-உம் என்று விரித்து வைத்துக்கொள்வது செயலியை மேம்படுத்துவதைவிடப் பெரிய வசதி. அந்தத் திரையின் அடாப்டரையும் அணைத்தும் போட்டும் பார்த்து வாங்குங்கள்.

புதிய பொருள்தான் வேண்டும், மின்சாரமும் குறைவாகச் செலவாக வேண்டும் என்பவருக்கு இன்டெல் என்100 செயலி கொண்ட மினி கணினிகள் நல்ல வழி. 2023-இல் வந்த இந்தச் செயலியின் வெப்ப அளவு 6 வாட்; நான்கு கோர்; வேகத்தில் ஆறாம் தலைமுறை ஐ5-ஐ நெருங்கும். பல மாதிரிகள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதால், அந்த அடாப்டரைத் தூக்கிவிட்டு, உள்ளூரில் மின்மாற்றி சுற்றுபவரிடம் சொல்லிப் பழைய பாணி நேரியல் (லீனியர்) மின்வழங்கி ஒன்று செய்துகொள்ளலாம். அடாப்டரின் இரைச்சல் அடியோடு போய்விடும். ஆனால் வானொலிக்கான 13.8 வோல்ட்டை அப்படியே அதற்குக் கொடுத்துவிடாமல், எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நினைவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: 8 ஜிபியில் ஓடும், 16 ஜிபியில் நிம்மதியாக ஓடும். வட்டு மட்டும் உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. பட்டை முழுவதையும் பதிவு செய்து பிறகு கேட்கும் ஆசை உண்டென்றால், டாங்கிளின் ஓட்டமே ஒரு மணி நேரத்தில் 17 ஜிபியைத் தாண்டும். நொடிக்கு 1 கோடி மாதிரிகளை 16 பிட்டில் எழுதினால் மணிக்கு 144 ஜிபி. அதற்கு 1 டெராபைட் வட்டு ஒன்று தனியாக வேண்டும்.

எஃப்டி8-க்குக் கணினியிடம் வேறு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் கொண்டுவந்த இந்த முறையில் ஒவ்வொரு சுற்றும் 15 வினாடி. அதில் சிக்னல் 12.64 வினாடி ஓடுகிறது. மீதமுள்ள இரண்டு வினாடி சொச்சத்துக்குள் பட்டையில் கேட்ட முப்பது நாற்பது நிலையங்களையும் கணினி பிரித்தெடுத்து, யாருக்குப் பதில் சொல்வது என்று நீங்களும் முடிவு செய்ய வேண்டும். செயலியின் வேகம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளை ஆழ்ந்த தேடலில் வைத்தால் பழைய ராஸ்பெரி பை 3 திணறி அடுத்த சுற்றுக்குள் போய்விடும். மேலே சொன்ன ஐ5-க்கு அது பொருட்டே இல்லை. அதைவிட முக்கியம் கடிகாரம். உங்கள் கணினியின் நேரம் ஓரிரு வினாடிக்கு மேல் பிசகினால் பட்டை நிறையச் சிக்னல் இருந்தும் திரை வெறுமையாக இருக்கும். விண்டோஸ் தன் இயல்பில் நேரத்தை அடிக்கடி சரிபார்ப்பதில்லை என்பதால் இணையத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தும் மெயின்பெர்க் என்டிபி போன்ற ஒன்றை நிறுவிவிடுங்கள். லினக்ஸில் குரோனி போதும். எஸ்டிஆர் நிரலிலிருந்து டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸுக்கு ஒலியைக் கொண்டுபோக மெய்நிகர் ஒலிக்கம்பி மென்பொருள் ஒன்றும் தேவைப்படும்; எல்லா இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே அமையுங்கள், பாதித் தலைவலி குறைந்துவிடும்.

ராஸ்பெரி பை பற்றிக் கேட்டீர்கள். பை 4-இலும் பை 5-இலும் டாங்கிள் நன்றாகவே ஓடும். பை 3 வரை ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் ஒரே குறுகலான வாயிலைப் பகிர்ந்துகொண்டன. 2019-இல் வந்த பை 4-இல் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் நிலையத்தின் ஒரே கணினியாக அதை வைத்துக்கொள்ளும்படி நான் சொல்லமாட்டேன். தீட்டிஸ், எஸ்டிஆர் ஷார்ப், எஸ்டிஆர் கன்சோல் மூன்றும் விண்டோஸுக்கு மட்டுமே உரியவை. பையில் எஸ்டிஆர்++, ஜிகியூஆர்எக்ஸ், கிஸ்க் போன்றவை உண்டு, அவையும் நல்ல மென்பொருள்களே. இருந்தாலும் புதிதாக நுழைபவர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிவது நல்லது. பையின் உண்மையான இடம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஆன்டெனாவின் காலடியில். அங்கே டாங்கிளை அதில் மாட்டிவிட்டு, கம்பி வழியாக மாதிரிகளைக் கீழே மேசைக்கணினிக்கு அனுப்பலாம். கத்தார்-ஆஸ்கர் 100, சுருக்கமாக க்யூஓ-100, என்ற ஹாம் செயற்கைக்கோளைக் கேட்க விரும்பினால் இந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்தும். அது 25.9 பாகை கிழக்கில் நிலைத்து நிற்பதால் தமிழ்நாட்டிலிருந்து மேற்கு வானில் தாழ்வாக எந்நேரமும் தெரியும், அதன் 10,489.75 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைச் சாதாரண டிஷ் ஆன்டெனாவின் முன்னால் இருக்கும் எல்என்பி 739.75 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித் தருவது டாங்கிளுக்குக் கைக்கெட்டும் தூரம்தான்.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவரும் ஸ்நாப்டிராகன் செயலி கொண்ட புதிய விண்டோஸ் மடிக்கணினியை நினைப்பவரும் தங்கள் வானொலிக்கு உரிய இயக்கி அந்தச் செயலிக்கென்று வந்திருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்னரே பார்த்துவிட வேண்டும். நிரல்கள் போலியாக்கத்தில் (எமுலேஷன்) ஓடிவிடும், இயக்கிகள் ஓடாது.

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இப்போது இருக்கும் கணினியிலேயே ஓர் அரை மணி நேரம் செலவிடுங்கள். விண்டோஸ் என்றால் சாடிக் நிரலால் டாங்கிளுக்கு வின்யுஎஸ்பி இயக்கியை மாட்டுங்கள். லினக்ஸ் என்றால், அதைத் தொலைக்காட்சிப் பெட்டி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும் டிவிபி இயக்கியைத் தடைப்பட்டியலில் சேருங்கள். அந்தச் சில்லு ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காகப் பிறந்தது என்பதால் வரும் குழப்பம் அது. பிறகு டாங்கிளைச் சோதிக்கும் ஆர்டிஎல்_டெஸ்ட் (rtl_test) கட்டளையை 24 லட்சம் மாதிரி வீதத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் உலாவியையும் ஒரு வீடியோவையும் திறந்துவிடுங்கள். எத்தனை முறை பைட்டுகள் இழந்ததாக அது எழுதுகிறது என்று எண்ணுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் நீர்வீழ்ச்சித் திரையைப் படமெடுங்கள். கணினியின் செயலிப் பெயர், இழந்த பைட்டுகள், இரண்டு படங்கள் ஆகியவற்றை அனுப்பினால், இருப்பதே போதுமா, ரிச்சி தெருவுக்குப் போகத்தான் வேண்டுமா என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.